தில்லியிலிருந்து ட்ரவுட் பிடிக்கப் போகிறவர்களுக்கு: மீனை விட்டுவிட்டாலும் லைசென்ஸ் வேண்டும்

"மீனைக் கொல்லப் போவதில்லை. பிடித்துப் பார்த்துவிட்டு அப்படியே ஆற்றில் விடப் போகிறோம். இதற்கு எதற்கு லைசென்ஸ்?" தில்லியில் தூண்டில் ஆசை பிடித்த தமிழ் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் ஒன்றுதான்: வேண்டும். தூண்டில் தண்ணீரில் விழுந்த நொடியிலிருந்து சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் மீன் பிடிக்கிறீர்கள். அப்புறம் விடுகிறீர்களா, குழம்பு வைக்கிறீர்களா என்பது அடுத்த கேள்வி. லைசென்ஸ், சீசன், இடம் இந்த மூன்றிலிருந்தும் 'விட்டுவிடுவேன்' என்ற வார்த்தை யாருக்கும் விலக்கு வாங்கித் தராது.

இந்த விஷயங்கள் ஒரே இடத்தில் தமிழில் கிடைக்காமல், ஆள் ஆளுக்கு ஒன்று சொல்லி, அலுவலகப் படியேறி இறங்கித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ இருந்துகொண்டு முதல் முறை மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் மாநிலத்தை முடிவு செய்யுங்கள்

தில்லியில் ட்ரவுட் மீன் கிடையாது. அதற்குக் குளிர்ந்த, வேகமாக ஓடும், தெளிந்த மலை ஆறு வேண்டும். நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை இமாச்சல், உத்தராகண்ட், காஷ்மீர். அரசியலமைப்பில் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருப்பதால் நாடு முழுக்கச் செல்லும் ஒரே லைசென்ஸ் என்று எதுவும் இல்லை. இமாச்சலில் வாங்கியது உத்தராகண்டில் வெறும் காகிதம்.

இமாச்சலில் மீன்வளத் துறை லைசென்ஸ் தருகிறது. தீர்த்தன், சைஞ்ச், பரோட் பக்கம் ஓடும் ஊல், சாங்லா பக்கம் பாஸ்பா, ரோஹ்ரு பக்கம் பப்பர் எல்லாம் ட்ரவுட் ஆறுகள். காஷ்மீரில் ஆற்றைப் 'பீட்' என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பீட்டுக்கும் நாள் குறித்து பர்மிட் தருவார்கள். ஒரு பீட்டில் ஒரு நாளைக்கு எண்ணி இத்தனை தூண்டில்தான் என்பதால் முன்பதிவு முக்கியம். உத்தராகண்டில் ஆறு பெரும்பாலும் காட்டுக்குள் ஓடுவதால் வனத்துறைக் கோட்ட அலுவலகம்தான் முதல் படி. அசி கங்கா, தோடிதால் பக்கம் என்றால் உத்தரகாசியில் கேட்க வேண்டும்.

புதியவர்களுக்கு என் யோசனை: இமாச்சலின் தீர்த்தன் பள்ளத்தாக்கில் தொடங்குங்கள். ராத்திரி பஸ்ஸில் போய்விடலாம், லைசென்ஸ் நடைமுறை எளிது, ஆற்றோரமாகவே தங்கும் வீடுகள் உண்டு. இனி நான் சொல்வது பெரும்பாலும் இமாச்சலை வைத்துத்தான்.

2. தேதி: டிக்கெட் போடுவதற்கு முன்பு

பலர் சறுக்குவது இங்கேதான். இமாச்சலில் ட்ரவுட் ஆறுகள் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை மூடப்பட்டிருக்கும். அந்த நான்கு மாதம் தூண்டிலே போடக் கூடாது, பிடித்து விடுவதற்காகக் கூட. காஷ்மீரில் பொதுவாக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் சீசன்.

ஏன் குளிர்காலத்தில் மூடுகிறார்கள் என்றால், ட்ரவுட் முட்டையிடுவது அப்போதுதான். பெண் மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிப் பள்ளம் பண்ணி முட்டையிட்டு, மறுபடி கல்லால் மூடிவிடும். பத்து டிகிரித் தண்ணீரில் முட்டை பொரிக்க ஆறு வாரம் போல ஆகும். தண்ணீர் அதைவிடக் குளிர்ந்தால் இன்னும் நீளும். பொரித்த குஞ்சும் உடனே வெளியே வராது, கொஞ்ச காலம் கல்லிடுக்கிலேயே கிடக்கும். ஆகவே மார்ச் முதல் வாரத்தில் ஆறு திறந்ததுமே போகிறவர்கள் ஆற்றுக்குள் காலை வைக்கும்போது கவனியுங்கள். சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்து கறுத்திருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல் வெளிறித் தெரிந்தால் அதன் மேல் மிதிக்காதீர்கள். இதைச் சொல்லித் தர ஆற்றங்கரையில் யாரும் நிற்க மாட்டார்கள்.

இப்போது நம் காலண்டரை எடுத்துப் பாருங்கள். பொங்கல், கிறிஸ்துமஸ் லீவு இரண்டும் மூடிய சீசனில் விழுகின்றன. தீபாவளி நவம்பரில் வந்தால் அதுவும் போச்சு. பள்ளி விடுமுறைக்காக மே கடைசி, ஜூனில் போனால் பனி உருகி ஆறு கலங்கி வேகமாக ஓடும், கூட்டமும் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் மலைச்சரிவும் திடீர் வெள்ளமும் வரும். அந்த மாதங்களில் போகவே வேண்டாம். மிஞ்சுவது மார்ச் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை, அப்புறம் செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபரும். அக்டோபரில் குலு தசரா ஒரு வாரம் நடக்கும். அப்போது குலு பக்கம் அறை கிடைப்பது கஷ்டம், பஸ்ஸும் நிரம்பி வழியும்.

தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிப் போக நினைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஏப்ரல் 14 அம்பேத்கர் ஜெயந்தி, மறுநாள் 15 இமாச்சல் தினம். இரண்டு நாளும் அங்கே அரசு அலுவலகம் திறக்காது. பக்கத்தில் சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்டால் லைசென்ஸ் கொடுக்க ஆளே இருக்காது. ஆறு கண்ணுக்கு முன்னால் ஓடும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

3. எந்தத் துண்டு ஆறு என்று கேளுங்கள்

ஒரே ஆற்றில் ஓர் இடத்தில் தூண்டில் போடலாம், அரை மணி நேரம் மேலே நடந்தால் போடக் கூடாது. தீர்த்தன் ஆறு கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து வருகிறது. 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பூங்கா எல்லைக்குள் தூண்டிலை எடுத்துக்கொண்டே போகாதீர்கள். அங்கே மீன்வளத் துறை லைசென்ஸைக் காட்டிப் பயனில்லை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 வந்துவிடும்.

இதே சட்டத்தால்தான் கர்நாடகத்தில் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் பல ஆண்டுகளாக நடந்த 'பிடித்து விடும்' மஹசீர் மீன் முகாம்கள் நின்றன. அங்கே போனவர்கள் மீனை விட்டுவிடுகிறவர்கள்தான். இருந்தும் சரணாலயத்துக்குள் அதற்கு இடமில்லை என்று ஆகிவிட்டது.

லைசென்ஸ் வாங்கும்போதே கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை? நடுவில் தடை செய்த இடம் உண்டா? பாலம், கோயிலை ஒட்டிய மடு, அரசு மீன் பண்ணையின் வாய்க்கால் இவற்றின் பக்கத்தில் நிற்கலாமா? கோயில் மடுக்களில் மீனைத் தெய்வமாக நினைத்துப் பொரி போடுவார்கள். அங்கே லைசென்ஸ் இருந்தாலும் தூண்டிலை எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை.

இன்னொரு பொறி, தங்கும் விடுதிகள் சொல்லும் 'எங்கள் தனி ஆறு'. கரை அவர்களுடைய நிலமாக இருக்கலாம், ஓடும் ஆற்றுக்கு லைசென்ஸ் தருவது அரசுதான். "லைசென்ஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஜி" என்று என்னிடமும் ஒரு விடுதியில் சொன்னார்கள். போய்க் கேட்டால் காகிதம் எதுவும் இல்லை, "யாரும் வர மாட்டார்கள்" என்ற தைரியம் மட்டும்தான் இருந்தது. மீன்வளத் துறைக் காவலர் வந்தால் கேள்வி நம்மிடம்தான் கேட்பார், விடுதிக்காரரிடம் இல்லை. முன்பணம் அனுப்புவதற்கு முன்பே உங்கள் பெயரும் தேதியும் போட்ட லைசென்ஸின் படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

4. காகிதமும் கட்டணமும்

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார், அதன் நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, ஒரு பேனா, சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விட்டால் யூபிஐ உதவாது.

ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருந்தால் ஒன்றும் பிரச்சினையில்லை. தமிழோடு ஆங்கிலமும் இருப்பதால் படித்துக்கொள்வார்கள். சிக்கல் பெயரில்தான் வரும். படிவம் பெரும்பாலும் ஹிந்தியில் இருக்கும். பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். நமக்கு முன்னெழுத்து மட்டும்தானே! நான் போனபோது எழுத்தர் 'கே' என்ற ஓரெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யே க்யா ஹை? பூரா நாம் லிக்கியே" (இது என்ன? முழுப் பெயரை எழுதுங்கள்) என்றார். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், அப்பா பெயரை அதற்குரிய கட்டத்தில் முழுசாக எழுதுங்கள், குடும்பப் பெயர் கட்டத்தில் கோடு போடுங்கள். புதிதாக ஒரு குடும்பப் பெயரை அங்கேயே உண்டாக்கிவிட்டால், ஆற்றங்கரையில் ஆதாரையும் லைசென்ஸையும் ஒத்துப் பார்க்கும் காவலருக்கு நீங்கள் வேறு ஆளாகத் தெரிவீர்கள்.

ஹிந்தி தடுமாறுகிறவர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ட்ரவுட் கா லைசென்ஸ் சாஹியே, பகட்கர் சோட் தேங்கே." ட்ரவுட் லைசென்ஸ் வேண்டும், பிடித்து விட்டுவிடுவோம் என்று பொருள். முதல் பாதி ரொம்ப முக்கியம். ட்ரவுட் ஆற்றுக்கும் சாதாரண ஆற்றுக்கும் விதி வேறு, சீசன் வேறு.

கட்டணம் பெரிய தொகை இல்லை. ஒரு தூண்டிலுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்ற அளவில்தான். ஆனால் ஆளுக்கு ஒரு லைசென்ஸ், நாளுக்கு ஒரு கணக்கு. மூன்று நாள் தங்கினால் மூன்று நாளுக்கும் வாங்க வேண்டும். நண்பர் பெயரில் வாங்கியதில் நீங்கள் வீசக் கூடாது. "ஒரே தூண்டில்தான், மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம்" என்ற வாதம் எடுபடாது. குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்கு என்ன விதி என்று அங்கேயே கேட்டு, முடிந்தால் லைசென்ஸின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.

அலுவலகம் பத்து மணிக்கு மேல்தான். சனி, ஞாயிறை நம்பாதீர்கள். வெள்ளி ராத்திரி தில்லியில் பஸ் ஏறினால் சனி காலை அங்கே பூட்டைத்தான் பார்ப்பீர்கள். வியாழன் ராத்திரி கிளம்பி, வெள்ளி காலை லைசென்ஸ் வாங்கி, வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை பிடிப்பதுதான் ஒழுங்கான திட்டம். ஒரு நாள் லீவு எடுக்கத்தான் வேண்டும். போவதற்கு முன் தொலைபேசியில் அதிகாரி இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் களப்பணிக்குப் போயிருந்தால் கையெழுத்து போட ஆளில்லாமல் சாயங்காலம் வரை காக்க நேரும்.

பணம் கட்டியதும் ரசீது வாங்குங்கள். லைசென்ஸை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். அறையில் பத்திரமாக வைத்துவிட்டு ஆற்றுக்குப் போனால் லைசென்ஸ் இல்லாதவர் கணக்குதான்.

5. லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த நீளத்துக்குக் குறைந்ததைக் கட்டாயம் விட வேண்டும், எந்த வகை இரை அனுமதி. இந்த மூன்றையும் அங்கேயே நின்று படியுங்கள். ஹிந்தி புரியாவிட்டால் எழுத்தரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நண்பர் போன வருஷம் சொன்ன அளவை நம்ப வேண்டாம், விதி திருத்தப்பட்டிருக்கலாம்.

கவனியுங்கள்: எல்லா மீனையும் விட வேண்டும் என்று எல்லா இடத்திலும் சட்டம் சொல்வதில்லை. பல இடங்களில் அளவுக்கு மேற்பட்டதைக் கணக்குக்குள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அளவு குறைந்ததை விடுவது உங்கள் பெருந்தன்மை இல்லை, கட்டாயம். அது உயிரோடு நீந்திப் போக வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

வலை, வெடி, விஷம் பற்றிப் பேச்சே இல்லை. வெடியும் விஷமும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்பிடிச் சட்டத்திலிருந்தே குற்றம்.

6. சாமான்

நான்கு துண்டாகக் கழற்றும் ராடு வாங்குங்கள். பஸ்ஸில் காலுக்கடியில் வைத்துக்கொள்ளலாம், டிக்கியில் போட்டு உடைய வேண்டாம். ஸ்பின்னர் (தண்ணீரில் சுழலும் தகடு வைத்த செயற்கை இரை) வாங்கினால் அதில் மூன்று கொக்கி முள் இருக்கும். அதைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள். பிறகு முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாகத் துருத்தும் சின்ன நாக்கை மூக்குக் கொறடால் அழுத்தி மட்டமாக்குங்கள். பஞ்சில் குத்தி இழுத்துப் பாருங்கள், நூல் ஒட்டாமல் வந்தால் சரி. "மீன் நழுவிவிடும்" என்பார்கள். தூண்டில் நரம்பைத் தளரவிடாமல் பிடித்தால் நழுவாது.

மண்புழு, மாவு உருண்டை எல்லாம் வேண்டாம். மீன் அவற்றை விழுங்கிவிடும், முள் குடலில் போய் மாட்டும். ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை), ஸ்பின்னர் என்றால் பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும்.

கைவலை ரப்பராக இருக்கட்டும், முடிச்சு நூல் வலை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். ராடின் அடிப்பக்கத்தில், லைசென்ஸில் சொன்ன குறைந்தபட்ச நீளத்தை அளந்து வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் ராடைப் பிடித்தால் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஸ்கேல் தேடுவதற்குள் மீன் செத்துவிடும்.

7. மீன் மாட்டிய பிறகு

சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். களைக்கக் களைக்க விளையாட்டுக் காட்டுவது வேடிக்கை பார்ப்பவர்களுக்கு நன்றாயிருக்கும், மீனுக்கு இல்லை.

கனடாவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வை நான் எல்லோரிடமும் சொல்வேன். வானவில் ட்ரவுட்களைக் களைத்துப் போகும்வரை ஓடவிட்டார்கள். தண்ணீரைவிட்டு எடுக்காதவற்றில் 12 சதவீதம் இறந்தன. அப்படிக் களைத்தபின் 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். 60 வினாடி வைத்தவற்றில் 72 சதவீதம். ஒரு நிமிஷம்! ஃபோனைப் பையிலிருந்து எடுத்து, கேமராவைத் திறந்து, "கொஞ்சம் இப்படித் திரும்பு" என்று சொல்வதற்குள் அது முடிந்துவிடும். மீன் துள்ளிப் போவதைப் பார்த்து நிம்மதியாக வீடு திரும்புவோம், அது அந்த ராத்திரியே ஏதோ கல்லடியில் செத்துக் கிடக்கும்.

ஆகவே வரிசை இப்படி. முதலில் இரண்டு கையையும் ஆற்றில் நனையுங்கள், உலர்ந்த கை செதில் மேலிருக்கும் வழுவழுப்பை எடுத்துவிடும். மீனைக் கைவலைக்குள், தண்ணீருக்குள்ளேயே வையுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், செவுளில் விரல் போடாதீர்கள். கொறடால் முள்ளைப் பிடித்து, வந்த வழியே பின்னால் திருப்பினால் நாக்கில்லாத முள் தானே கழன்றுவிடும். ஆழமாகப் போய்விட்டதா? பிடுங்காதீர்கள், நரம்பை முள்ளுக்குப் பக்கத்திலேயே வெட்டி விட்டுவிடுங்கள். படம் வேண்டுமென்றால் நண்பர் கேமராவோடு தயாராக இருக்கட்டும், ஒரு மூச்சு நேரம் தூக்கி உடனே இறக்குங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் நேரம் தானாகக் கட்டுக்குள் இருக்கும்.

விடும்போது தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கட்டும், வேகம் குறைந்த இடமாகப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். செவுள் சீராகத் திறந்து மூடத் தொடங்கியதும் அதுவே கையை உதைத்துவிட்டுப் போகும்.

ஒரு சின்ன வெப்பமானியும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, விட்ட மீன் பிழைப்பது சந்தேகம்.

8. உங்கள் உயிர்

தீர்த்தன் போகும் வழியில் உள்ள லார்ஜி அணையின் கீழ்ப்பகுதியில் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். 2014 ஜூன் 8 அன்று அணையிலிருந்து திடீரென்று திறந்த தண்ணீரில், பியாஸ் ஆற்றில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். எங்கே நின்றாலும், மேலே அணை இருக்கிறதா என்று உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். தண்ணீர் கலங்க ஆரம்பித்தாலோ, குச்சி, இலை அதிகமாக மிதந்து வந்தாலோ சாமானை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

9. போகும் வழி, மொத்தச் செலவு

கஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து குலு, மணாலி பஸ் ஏறி, சுரங்கப்பாதைக்கு முன்னால் ஔட்டில் இறங்க வேண்டும். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள், விடிகாலைத் தூக்கத்தில் சுரங்கத்தைத் தாண்டிவிடும். அங்கிருந்து லார்ஜி வழியாக பஞ்சார், அப்புறம் தீர்த்தன் பள்ளத்தாக்கில் இருக்கும் குஷைனிக்கு உள்ளூர் பஸ்ஸோ ஜீப்போ கிடைக்கும். வோல்வோ டிக்கெட் சீசனைப் பொறுத்து ஒரு வழிக்கு 1,200-லிருந்து 2,000 ரூபாய் வரை போகும். செலவில் பெரியது பயணமும் தங்கும் இடமும்தான், எல்லாவற்றிலும் சிறியது லைசென்ஸ். அந்த நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

முதல் முறை என்றால் உள்ளூர்ப் பையன் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எது தடை செய்த மடு, எங்கே கால் வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள், அவருக்கும் மதியச் சாப்பாடு உங்கள் கணக்கு.

ட்ரவுட் சாப்பிட ஆசை இருந்தால் பண்ணை மீனை வாங்குங்கள். பட்லிகுல், பரோட் போன்ற இடங்களில் அரசுப் பண்ணைகள் உண்டு, தனியார் பண்ணைகளும் வழியெல்லாம் இருக்கின்றன. ஆற்று மீனை ஆற்றில் விட்டுவிட்டு, பண்ணை மீனை மிளகுத்தூளும் உப்பும் தடவி வறுத்துச் சாப்பிடலாம், முள்ளும் குறைவு. வாங்கினால் பில்லைக் கேட்டு வாங்கி லைசென்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ராடும் கையில் ஐஸ் பெட்டியுமாக வருகிறவரை வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால், காட்டுவதற்கு அந்தச் சீட்டு வேண்டும்.